25 ஏக்கருக்கு ஒரு வீடு

கேள்வி: சொந்த விளைநிலத்திலும் இத்தனை வீடுகளுக்கு மேல் கட்டக்கூடாது என்று அமெரிக்காவில் சில கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) விதி செய்கின்றனவாமே; அது நில உடைமையாளரின் வயிற்றில் அடிப்பதாகாதா?

பதில்: ஈடு எதுவும் தராமல் விதித்தால் அப்படித்தான் ஆகும். வாஷிங்டன் நகரை ஒட்டியுள்ள, மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுண்டி 1980-இல் இதற்கொரு வழி கண்டது. நகரம் பெருகிப் பண்ணைகளை விழுங்காதிருக்க, கவுண்டியின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கான 93,000 ஏக்கரை வேளாண் காப்பு நிலமாக வரையறுத்து, 5 ஏக்கருக்கு ஒரு வீடு என்றிருந்த வரம்பை 25 ஏக்கருக்கு ஒன்று என இறுக்கினார்கள். 100 ஏக்கர் பண்ணை வைத்திருப்பவர் 20 வீடுகளுக்குப் பதிலாக 4 வீடுகள்தாம் கட்ட முடியும். ஆனால் பழைய கணக்குப்படியே 20 கட்டட உரிமைகள் அவருக்கு உண்டு என்பதால், நான்கை வைத்துக்கொண்டு மீதி 16-ஐ, கவுண்டியின் வேறு பகுதியில் அங்குள்ள வரம்பைவிட நெருக்கமாகக் கட்ட விரும்பும் நிறுவனங்களுக்கு விற்கலாம். விற்ற பின் அந்தக் கட்டுப்பாடு நிலப் பதிவேட்டில் ஏறி, பின்னால் வாங்குபவரையும் பிணைக்கும். உரிமையை வாங்க ஆளிருந்தால்தானே விலை கிடைக்கும்? ஆகவே, இத்தகைய விதி முன்மொழியப்படும் இடத்தில், எத்தனை ஏக்கர் என்பதைவிட, கூடுதல் வீடுகளை எந்தப் பகுதி ஏற்கப்போகிறது என்பதையே நான் முதலில் கேட்பேன்.