விறகு பிளக்கும் இயந்திரம் குளிரில் மந்தமாவது ஏன்?

தம்பி, ஒன்ராறியோவின் வடபகுதியில் விறகடுப்புள்ள வீடொன்றில் குடியேறியிருக்கும் நீங்கள், பழையதாக வாங்கிய விறகு பிளக்கும் இயந்திரம் காலையில் ஊளையிட்டபடி மெதுவாக நகர்வதால் பம்பை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். எனது முதல் குளிர்காலத்தில் நானும் பம்பைத்தான் மாற்றினேன்; புதியதும் அதே சத்தம் போட்டபோதுதான் குறை எண்ணெயில் இருந்தது விளங்கியது.

ஆப்பை அழுத்தித் தள்ளும் ஹைட்ராலிக் எண்ணெய் கடுங்குளிரில் தடித்துவிடும். பம்ப் அதை உறிஞ்ச முடியாமல் திணறும்போது எண்ணெயில் வெற்றுக் குமிழ்கள் தோன்றி உடைவதால்தான் அந்த ஊளை எழுகிறது. அது நீடித்தால் பம்பின் பற்சக்கரங்கள் உண்மையாகவே அரிக்கப்பட்டுவிடும். கோடைக்குப் பொருந்தும் 46ஆம் தர எண்ணெய்க்குப் பதிலாக, இயந்திரத்தின் கைந்நூல் அனுமதித்தால், அதைவிட மெல்லிய 32ஆம் தரத்தை ஊற்றுங்கள். காலையில் எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, கட்டை வைக்காமல் ஆப்பை முன்னும் பின்னுமாக நகர்த்திய பிறகே வேலையைத் தொடங்குங்கள். ஆனால் முடிச்சுள்ள கட்டையில் மட்டும் வேகம் குறைந்தால் அது பழுதன்று. கட்டை கடினமாக இருக்கும்போது இரண்டு நிலைப் பம்ப் வேகத்தை விட்டுக்கொடுத்து அழுத்தத்தைக் கூட்டுகிறது.

எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பனியில் மூடாமல் விட்ட இயந்திரங்களில் இது வழக்கம், முழுவதையும் வடித்து மாற்றத்தான் வேண்டும். நுரைத்திருந்தால் எண்ணெய் குறைவு, அல்லது உறிஞ்சும் குழாயின் கிளிப் தளர்ந்து காற்று நுழைகிறது. ஆப்பு முழுவதும் உள்ளிழுத்த நிலையில்தான் எண்ணெயின் அளவு பார்க்க வேண்டும். நீட்டியிருக்கும்போது நிரப்பினால், பின்னிழுக்கும்போது தொட்டி வழிந்துவிடும். முன்னைய உரிமையாளர் என்ன செய்தார் என்பது தெரியாததால், பில்டரையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஒழுக்கு எங்கே என்று குழாயை ஒருபோதும் கையால் தடவிப் பார்க்காதீர்கள். சதுர அங்குலத்துக்கு 2,500 இறாத்தலுக்கு மேல் அழுத்தமுள்ள எண்ணெய், ஊசித் துவாரம் வழியாகத் தோலுக்குள் பாய்ந்துவிடும். சிறு குத்துப் போலத் தோன்றி அதிகம் வலிக்காவிட்டாலும், சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரிடலாம் என்பதால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஒழுக்கைக் கண்டறிய, கைக்குப் பதிலாகக் காகித அட்டைத் துண்டொன்றைக் குழாயருகே பிடித்துப் பாருங்கள். இணைப்பைக் கழற்றுமுன் எஞ்சினை நிறுத்தி, நெம்புகோலை இருபுறமும் அசைத்து அழுத்தத்தை இறக்குங்கள். வடித்த எண்ணெயை மண்ணில் ஊற்றாமல், மூடியுள்ள கலனில் உங்கள் நகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்தில் ஒப்படையுங்கள்.