சாப்பாட்டில் புரதம் குறைவாக இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முடி கொட்டுகிறது, சீக்கிரம் களைத்துப்போகிறேன், இது புரதக் குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் முடி கொட்ட இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, இரண்டு மூன்று மாதம் முன்னால் வந்த காய்ச்சல் என்று வேறு காரணங்கள் நிறைய உண்டு. களைப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உடம்பில் தெரியும் அடையாளத்தை மட்டும் நம்பினால் ஒன்று தப்பாகப் போகும், இல்லை ரொம்பத் தாமதமாகும். நான் டாக்டர் இல்லை. அம்மாவுக்காக இதைத் துருவிப் பார்க்க வேண்டி வந்தது, அதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு வயது 68. சாயங்காலம் ஆனால் இரண்டு காலும் வீங்கிவிடும். கணுக்காலுக்கு மேலே விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாகத்தான் மேலே வரும். "புரதம் கம்மி, அதான்" என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். டாக்டர் முதலில் கேட்டது, என்ன பிபி மாத்திரை போடுகிறீர்கள் என்று. அம்லோடிபின். அந்த மாத்திரைக்கே சிலருக்குக் கால் வீங்குமாம். சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா, கல்லீரலும் இதயமும் எப்படி இருக்கின்றன என்றும் பார்த்தார். ரத்தத்தில் இருக்கிற முக்கியமான புரதம் ஆல்புமின்; அது 3.9 இருந்தது, 3.5க்கு மேல் இருந்தால் சரி. மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், வீக்கம் வடிந்துவிட்டது.

சரி, அப்போது சாப்பாட்டில் குறை இல்லையா? இருந்தது. சாப்பாட்டில் புரதம் குறைந்தால் உடம்பு தன் தசையிலிருந்து எடுத்துச் சமாளித்துக்கொள்ளும். ஆல்புமின் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. ரிப்போர்ட் நன்றாக இருக்கும், தசை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அம்மாவின் எடை 54 கிலோவிலேயே நின்றது. ஆனால் இடுப்பில் இறுக்கிப் பிடிக்கிற ரவிக்கை, கைப்பக்கம் தொளதொளத்தது. தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தார். வயதானால் அப்படித்தான் என்று நாம் விட்டுவிடுகிறோமே, அதெல்லாம் கவனிக்க வேண்டியது. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தசையின் பலம் குறைந்திருக்கலாம் என்பது ஆசிய மருத்துவர் குழு வைத்திருக்கும் அளவு. மூட்டுவலி இருந்தாலும் நேரம் ஆகும், அதையும் மனதில் வையுங்கள்.

அதனால் தட்டைக் கணக்குப் பாருங்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் சொன்ன அளவு, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். அம்மாவுக்குச் சுமார் 45 கிராம் வேண்டும். காலையில் மூன்று இட்லியும் சட்னியும் 7, இரண்டு வேளை காபிப் பாலில் 5, மத்தியானம் ரசம் சாதமும் பொரியலும் 8, நீர்மோர் 2, டீயும் பிஸ்கட்டும் 3, ராத்திரி இரண்டு தோசை 5. எப்படிக் கூட்டினாலும் 30தான்.

"தினமும் சாம்பார் வைக்கிறோமே" என்பார்கள். நாலு பேருக்கு, இரண்டு வேளைக்கு, எங்கள் வீட்டில் 100 கிராம் துவரம்பருப்பு போடுவோம். மொத்தச் சாம்பாரிலும் பருப்பின் புரதம் 22 கிராம். ஆளுக்கு வேளைக்கு 3 கிராம்கூட வராது. அதிலும் அம்மா கரண்டியை ஆழமாக விடமாட்டார். மேலே நிற்கிற தெளிவை ஊற்றிக்கொண்டு, அடியில் கிடக்கும் பருப்பையும் காயையும் எங்களுக்கு வைப்பார். பல வீடுகளில் இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

மாற்றியது பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் ஒரு முட்டை, அது 6 கிராம். ரசத்துக்கு முன்னால் கெட்டிப் பருப்பு பிசைந்து ஒரு பிடி சோறு. நீர்மோருக்குப் பதில் கெட்டித் தயிர். சாயங்காலம் பிஸ்கட்டை நிறுத்திவிட்டு ஒரு கை நிறைய வேர்க்கடலையோ சுண்டலோ. மெல்ல முடியாத நாளில் கடலையைப் பொடித்துக் கொடுத்தோம். டப்பா பவுடர் வாங்கவில்லை, இதற்கே கணக்கு வந்துவிட்டது. வயிறாரச் சாப்பிடுவதும் முக்கியம். சாப்பாடே போதாமல் இருந்தால் தின்கிற புரதத்தையும் உடம்பு எரிபொருளாக எரித்துவிடும்.

சின்னக் குழந்தைகள் விஷயம் வேறு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை, மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அது கடுமையான ஊட்டக்குறைவு. கால் வீங்கி, முடி செம்பட்டையாகி, குழந்தை சுரத்தில்லாமல் கிடந்தாலும் அப்படித்தான். வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அப்புறம் ஒன்று. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு முட்டையையும் பருப்பையும் தாங்களாகக் கூட்ட வேண்டாம். அவர்களுக்கான அளவே வேறு. டயாலிசிஸ் ஆரம்பித்தபிறகு அது மறுபடி மாறும். பார்க்கிற டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.