முற்றத்து ஆக்கி மரம்: எப்போது சமைக்கலாம்?

கேள்வி: கணவரின் வேலைக்காக ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்குக் குடிபோகிறோம். வாடகை வீட்டு முற்றத்தில் ஆக்கி மரம் நிற்கிறது. அது விஷம் என்கிறார்கள், நாட்டின் தேசிய உணவே அதன் பழத்தையும் உப்பு மீனையும் சேர்த்துச் சமைப்பதுதான் என்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சமைக்கலாமா?

பதில்: தாராளமாகச் சமைக்கலாம். ஆனால் இரண்டு பேச்சுமே உண்மை. ஆக்கிக் காயில் ஹைப்போகிளைசின் என்ற நச்சு உண்டு. ரத்தத்தில் சர்க்கரையைக் கிடுகிடுவென இறக்கிவிடும். வாந்தி, மயக்கம், வலிப்பு என்று போய் உயிரையே பறிக்கலாம். பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். பழுத்த சுளையில் இந்த நச்சு மிகமிகக் குறைவு.

பழுத்ததை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தோல் சிவந்தால் போதாது. மரத்தில் இருக்கும்போதே பழம் தானாக வெடித்து, உள்ளே பளபளக்கும் கறுப்பு விதைகள் தெரிய வேண்டும். மூடியதைக் கத்தியால் பிளப்பதோ, பறித்துவைத்துப் பழுக்கவிடுவதோ கூடாது. வெடிக்காமல் கீழே விழுந்ததைப் பிள்ளைகள் கையில் எடுக்குமுன் பெருக்கி அள்ளிவிடுங்கள்.

வெளிர்மஞ்சள் சுளை மட்டும்தான் உணவு. விதை, தோல், சுளை மடிப்பில் ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்புச் சவ்வு எல்லாவற்றையும் நீக்கி, உப்புத் தண்ணீரில் வேகவையுங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்ட நமக்கு மனசு வராது. இதைக் கொட்டியே ஆக வேண்டும். வேகவைத்தாலும் காய் பழமாகிவிடாது, அதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் சமையல் சுலபம். உப்புக் கருவாடாக வரும் காட் மீனை இரவே ஊறவைத்து, வேகவைத்து உதிர்த்து, வெங்காயம், தக்காளி, தைம் இலை, ஸ்காட்ச் பானட் மிளகாயோடு வதக்குங்கள். சுளையைக் கடைசியில் சேர்த்து மெதுவாகப் புரட்டினால் போதும். மீன் சாப்பிடாதவர்கள் கலலூ சேர்க்கலாம். ஜமைக்காவில் அந்தப் பெயரில் விற்பது நம் குப்பைக்கீரை இனம்தான்.

கை பழகும்வரை டின் ஆக்கி வாங்குங்கள் என்பேன். அமெரிக்கா 1973-இல் ஆக்கி இறக்குமதியைத் தடை செய்து, 2000 முதல் நச்சு அளவைக் கட்டுப்படுத்தும் ஆலைகளின் சரக்கை மட்டும் அனுமதித்தது. ஏற்றுமதி செய்யும் ஆலையின் டின்னாகப் பார்த்து வாங்குவது நல்லது.

சாப்பிட்டபின் யாருக்காவது வாந்தியோ அசாதாரணத் தூக்கமோ வந்தால் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், ஆக்கி சாப்பிட்டதை முதலில் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதை அவர்கள் தாமதிக்காமல் தொடங்க அது உதவும்.