கார் உள்ளலங்காரம்: எங்கே எந்தப் பசை?

கேள்வி: பத்து வருடக் கார். பின்சீட்டுக்கு மேலே கூரைத் துணி தொங்கித் தலையில் இடிக்கிறது. சிரிஞ்சில் ஃபெவிகால் ஏற்றினால் போதும் என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகர், மதுரை

பதில்: வேண்டாம், நிற்காது. துணியின் முதுகில் மெல்லிய ஃபோம் உண்டு. கூரையின் உட்பலகையில் ஒட்டியிருப்பது அந்த ஃபோம்தான். தொங்கும் இடத்தில் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ தூள் ஒட்டினால், சூட்டிலும் ஈரக்காற்றிலும் ஃபோமே பொடிந்துவிட்டது. இனி எந்தப் பசையும் தூளைத்தான் பிடிக்கும், பலகையை அல்ல. போதாக்குறைக்கு, வெள்ளை ஃபெவிகால் சூட்டில் இளகும். வெயிலில் நிற்கும் காருக்குள் 60 டிகிரி எளிதில் வந்துவிடும்.

துணியை மாற்றுவதுதான் வழி. கூரையோரம் கர்ட்டன் ஏர்பேக் (விபத்தில் பக்கக் கண்ணாடியை மறைத்து விரியும் காற்றுப்பை) இருக்கலாம். அதனால் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள். சன்வைசர், கைப்பிடி, விளக்கு, பில்லர் டிரிம் (கதவுத் தூண்களின் பிளாஸ்டிக் மூடி) எல்லாம் எடுத்த பிறகு பலகையை டிக்கி வழியாக (செடான் என்றால் முன்கதவு வழியாக) மடங்காமல் இறக்குங்கள். ஒரு மடிப்பு விழுந்தால் புதுத் துணியிலும் அது தெரியும். பழைய தூளை நைலான் பிரஷால் முழுக்கத் தேய்த்தெடுங்கள். பாதி வேலை இதுதான். இங்கே அவசரப்பட்டவர்களுக்குத்தான் துணி மறுபடி தொங்குகிறது.

ஃபோம் ஒட்டிய 3 மி.மீ. லைனிங் துணி வாங்குங்கள், சுற்றிலும் 5 செ.மீ. கூடுதலாக. பசை, கூரை லைனிங்குக்கு என்றே டப்பாவில் எழுதிய, சூடு தாங்கும் ஸ்ப்ரேயாக இருக்கட்டும். 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, பலகையிலும் ஃபோமிலும் மெல்லியதாக இரண்டு கோட். விரலில் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது. அப்போது பாதித் துணியை மடித்து வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போங்கள். ஒரே இடத்தில் அதிகம் அடித்தால் பசை ஃபோமில் ஊறி மேலே கறை தெரியும். ஒட்டி முடித்த பின் முதல் 24 மணி நேரம் வெயில் படக்கூடாது.

கேள்வி: டோர் பேட் ரெக்ஸின் ஓரம் சுருண்டுவிட்டது. ஃபெவிக்விக் போட்டேன். சுற்றிலும் வெள்ளை பூத்து, மறுபடி விட்டுவிட்டது.
- வாசகி, கோவை

பதில்: ஃபெவிக்விக் காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகும், ரெக்ஸினோ வளையும், அதனால் விரிசல் விடுகிறது. வெள்ளை, அதன் ஆவி படிந்தது. சாதாரண சோஃபா பசையும் இங்கே நீடிக்காது: ரெக்ஸினை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் கசிந்து பசையை இளக்கிவிடும். செருப்புக்கு பிவிசி அடிப்பாகம் ஒட்டும் பியூ (பாலியூரித்தேன்) பசை கேளுங்கள்.

பேடைக் கழற்றிப் பின்புறம் பாருங்கள், பிளாஸ்டிக்கின் பெயர் அச்சாகியிருக்கும். ‘பிபி’ (PP, பாலிப்ரொப்பிலீன்) என்றால் எந்தப் பசையும் லேசில் பிடிக்காது. 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிபி-க்கான பிரைமர் தடவிய பிறகே பசை. ‘ஏபிஎஸ்’ என்றால் மெல்லிய கோட் போதும், பசையில் தின்னர் அதிகமானால் பிளாஸ்டிக் விரிசல் விடும். சுருங்கிய ரெக்ஸினை ஹேர் டிரையரால் சூடாக்கி இழுத்து, பலமாக அழுத்தி, இரவு முழுக்க கிளிப் போட்டு வையுங்கள்.

கேள்வி: டாஷ்போர்டில் ஏர்பேக் மூடிமேல் ரெக்ஸின் எழும்புகிறது. என்ன பசை?
- வாசகர், திருச்சி

பதில்: எந்தப் பசையும் கூடாது. அந்த மூடி குறித்த கோட்டில் கிழிந்து திறக்க வேண்டும். பசை அதைத் தடுக்கும். சர்வீஸ் சென்டரில் மூடியையே மாற்றுங்கள்.