ரப்பர் தடி ஏற்றும் லாரிக்கு வழி வகுப்பது எப்படி? – கேள்வி பதில்

குமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பகுதிகளில் முதிர்ந்த ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்வோரும் தடி ஒப்பந்தக்காரர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. தோட்டப் பாதைகளைக் கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் வரைந்து கொடுக்கும் தொழில் அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன்.

அருமனை, தோட்ட உரிமையாளர்: எங்கள் தடி களியக்காவிளை வழியாகக் கேரளத்தின் பெரும்பாவூருக்குப் போகிறது. எந்தச் சாலை கிட்டம் என்று பார்த்தால் போதாதா?

போதாது. 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடப்போகும் லாரிக்குத் தார்ச்சாலையில் 4 கிலோமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. வெட்டிய இடத்திலிருந்து லாரி நிற்கும் இடம் வரை சுமட்டுக்காரர் தலையில் தடியைச் சுமக்கும் அந்தச் சில நூறு மீட்டரில்தான் பணம் கரைகிறது. ஆகவே, தடியை அட்டி போடும், அதாவது லாரியில் ஏற்ற அடுக்கி வைக்கும், இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். சாலையைப் பிறகு பார்க்கலாம். தோட்ட எல்லையை வரைந்து, அட்டிக்கு ஏற்ற நான்கைந்து புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் சுமைதூரத்தைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். ஏற்றத்தில் சுமக்கும் ஒவ்வொரு மீட்டரையும் நான் இரண்டாக எண்ணுவது வழக்கம். அப்படி எண்ணினால், மேட்டில் சாலையை ஒட்டியிருக்கும் இடத்தைவிடத் தாழ்வில் சற்றே தள்ளியிருக்கும் இடம் பல நேரங்களில் மலிவாக அமைகிறது.

குலசேகரம், ஒப்பந்தக்காரர்: சரிவு வரைபடத்தில் எங்கு பார்த்தாலும் 89 பாகை என்று வருகிறது. மென்பொருள் கோளாறா?

மென்பொருளில் கோளாறு இல்லை. உயரத் தரவு மீட்டரிலும் கிடைத்தூரம் அட்சரேகைப் பாகையிலும் இருப்பதால் வரும் குழப்பம் இது. தரவை, தூரத்தை மீட்டரில் அளக்கும் ஆயத்தொலை முறையான யூடிஎம்மின் 43 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிவிட்டுச் சரிவைக் கணக்கிடுங்கள். விழுக்காட்டையும் பாகையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 10 விழுக்காட்டுச் சரிவு என்பது ஆறு பாகைக்கும் குறைவு. 60 மீட்டர் உயரத்தை அந்தச் சரிவில் ஏற வேண்டுமானால் பாதை 600 மீட்டர் நீள வேண்டும். நேராக 200 மீட்டரில் ஏற்றிவிடலாம் என்று பொக்லைன்காரர் சொன்னால், அது 30 விழுக்காடு என்பதை நினைவில் வையுங்கள். மேலும், விண்ணிலிருந்து அளந்து இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவின் ஒரு கட்டம் 30 மீட்டர். ரப்பர் நடச் சரிவில் படிபோல் வெட்டிய தட்டுகள் அதில் தெரியவே தெரியா.

மார்த்தாண்டம், பொறியியல் மாணவி: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் சாலைத் தரவை அப்படியே பயன்படுத்தலாமா?

வடிகட்டிய பிறகு பயன்படுத்தலாம். நடைபாதைகளை நீக்காமல் வழி தேடினால், கால்வாய் நீரைக் கொண்டுசெல்லும், ஆள் நடக்க மட்டுமே இடமுள்ள மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேலேயே லாரியை அனுப்பச் சொன்னாலும் வியப்பதற்கில்லை. நானே ஒருமுறை சானல் (கால்வாய்) கரைப் பாதை ஒன்றை லாரிக்கு ஏற்றது என்று குறித்துக் கொடுத்தேன். பாரம் ஏற்றிய வண்டி ஒரு மடைக்கு மேலிருந்த கற்பலகை வரை வந்து நின்றது. கிளீனர் இறங்கித் தோள் துண்டால் கல்லை அளந்தார். சக்கரங்களுக்கு ஒரு சாண் போதவில்லை. திரும்ப இடமில்லாமல், கரையோரம் மண் உதிர உதிர, அரைக் கிலோமீட்டர் பின்னோக்கியே ஊர்ந்து வந்தது. அன்றிலிருந்து கைப்பேசியில், களத்திலேயே வரைபடத்தில் விவரம் பதியும் கியூஃபீல்டு செயலியும் கையில் அளவு நாடாவுமாக முழுப் பாதையையும் நடந்துவிடுகிறேன். பாதையின் குறுகிய அகலம், பாலங்களின் நிலை, தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, லாரி திரும்பும் இடம் ஆகியவற்றைத் தனித்தனிப் புலங்களாகப் பதிவு செய்யுங்கள்.

கடையாலுமூடு, தோட்ட உரிமையாளர்: எந்த மாதத்தில் இப்படிப் பாதையை நடந்து அளப்பது?

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், தை, மாசி மாதங்களே வசதி. மண்பாதை இறுகியிருக்கும், ரப்பர் இலையுதிர்க்கும் காலமாதலால் கைப்பேசியின் ஜிபிஎஸ் ஓரளவு துல்லியமாக இடம் காட்டும்.

குலசேகரம், லாரி உரிமையாளர்: ஒரே நாளில் மூன்று லாரி விடச் சொல்கிறார்கள். முடியுமா?

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. வெட்டிய ரப்பர் தடியில் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும். ஆனால் ஒரு வண்டிக்கு ஏற்ற மூன்று மணி நேரம் ஆகுமானால், மூன்றையும் காலை ஏழு மணிக்கே அழைப்பதில் பயனில்லை. மூன்று மணி நேர இடைவெளியில் அழையுங்கள். மூன்று அச்சு லாரிக்கு வண்டியும் சுமையும் சேர்த்து 28.5 டன்தான் வரம்பு என்பதால், கடைசி வண்டியில் மீதியை எல்லாம் அமுக்கி ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.