தற்காப்புக் கலைப் பயிற்சிக்கூடத்தில் சேரும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கராத்தேயா, குத்துச்சண்டையா என்று யோசிப்பதற்கு முன்பு, அங்கே ஸ்பாரிங் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இருவர் விதிகளுக்கு உட்பட்டு, ஒருவரையொருவர் உண்மையாகவே எதிர்த்து மோதிப் பழகுவதே ஸ்பாரிங். அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று தெரியாத நிலையில்தான் தூரத்தைக் கணிக்கும் கண்ணும் பதறாத மூச்சும் கைகூடும். காலி மைதானத்தில் மட்டும் பைக் ஓட்டிப் பழகியவர் பேருந்து நிலையச் சாலையில் திணறுவதைப் போல, காற்றில் மட்டும் குத்திப் பழகியவர் எதிராளியின் முன் திணறுவார். 1882இல் ஜப்பானில் கோடோக்கான் என்னும் பயிற்சிப் பள்ளியை நிறுவி ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவும் அதில் ‘ரண்டோரி’ என்னும் எதிர்ப்புப் பயிற்சிக்குப் பெரிய இடம் கொடுத்தார்.

எந்த விதியின்படி மோதுகிறார்கள் என்பதும் முக்கியம். ஒலிம்பிக் டேக்வாண்டோவில் முகத்தில் குத்த அனுமதியில்லை. எனவே அதற்கென்றே பயின்றவர் கைகளைத் தாழ்த்தி நிற்கப் பழகிவிடக்கூடும். போட்டிக்கு அது பொருந்தும், தற்காப்புக்குப் போதாது. உடற்பயிற்சி மட்டுமே நோக்கம் என்றால், ஸ்பாரிங்கைக் கட்டாயமாக்காத கூடமே போதும். எதுவானாலும் ஒரு வகுப்பை முழுமையாக உட்கார்ந்து பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். பார்க்க அனுமதிக்காத இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்பாரிங் என்றாலே அடிபட்டுத் திரும்புவது என்று பலர் எண்ணுவது சரியல்ல: நல்ல ஆசிரியர் புதியவரை அனுபவமுள்ள ஒருவருடன் குறைந்த விசையில் மோதவிட்டு, படிப்படியாகத்தான் வேகத்தைக் கூட்டுவார்.