தம் பத்தலையா? மெதுவாக ஓடுங்கள்

கேள்வி: வயது 39. மகளை கராத்தே வகுப்பில் விடப் போன இடத்தில் மாஸ்டர் "நீங்களும் சேர்ந்துக்கங்க சார்" என்றார், சேர்ந்தேன், இப்போது பச்சை பெல்ட். தனியாகச் செய்துகாட்டும் கட்டா வந்துவிடுகிறது. எதிராளியோடு மோதும் குமித்தேவில்தான் ஒரு நிமிடம் தாண்டினால் மூச்சு வாங்கி, முகத்தைக் காக்க வேண்டிய கை தானாகக் கீழே இறங்கிவிடுகிறது. ஓடிப் பழகச் சொல்கிறார் மாஸ்டர். வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், இரண்டு பிள்ளைகள். காலையில் எனக்குக் கிடைப்பது 25 நிமிடம். 800 மீட்டரிலேயே நின்றுவிடுகிறேன், இப்போது முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வலி வேறு. என்ன செய்வது?
- வாசகர், திருச்சி

பதில்: 25 நிமிடம் தாராளம். நீங்கள் வேகமாக ஓடுகிறீர்கள், அவ்வளவுதான் விஷயம். நேரம் குறைவாக இருக்கிறதே, அதற்குள் முடிந்ததை எல்லாம் பிழிந்துவிடலாம் என்று முதல் நிமிடத்திலேயே பறக்கிறோம், மூன்றாவது நிமிடம் இடுப்பில் கை வைத்து நிற்கிறோம். நானும் இதே தப்பை ஆறு மாதம் செய்தவன்.

குமித்தேவில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். பெரியவர்களுக்கான போட்டி ஒன்று 3 நிமிடம். அதில் நீங்கள் பாய்ந்து அடிப்பது சில நொடிகள்தான், மீதி நேரமெல்லாம் துள்ளிக்கொண்டு சமயம் பார்ப்பது. அந்தப் பாய்ச்சலுக்கு வேண்டிய சக்தி தசையில் தயாராக இருக்கும், பத்து நொடிக்குள் பெரும்பாலும் காலியாகிவிடும். அதை மறுபடி நிரப்ப ஆக்சிஜன் வேண்டும். நிரம்புவதற்குள் அடுத்த பாய்ச்சல் வந்தால் கை இறங்குகிறது. இந்த நிரப்பும் வேலையை வேகப்படுத்துவதுதான் மெதுவான ஓட்டம்: இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தம் தள்ளப் பழகுகிறது, தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்களும், சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கூடுகின்றன. மூச்சு முட்ட வேகமாக ஓடுவதும் உதவும்தான், ஆனால் வாரத்தில் மூன்று நாள் வகுப்பிலேயே நீங்கள் அப்படித்தானே செய்கிறீர்கள்?

எவ்வளவு மெதுவாக? வாட்ச் எல்லாம் வேண்டாம். ஓடிக்கொண்டே ஒரு குறளை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் அடியின் நான்கு சீரும் ஒரே மூச்சில் வந்தால் சரியான வேகம். "அகர முதல" என்பதிலேயே மூச்சு அறுந்தால் உடனே நடங்கள். 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சம் ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறையுங்கள். நடுவில் நடப்பது கேவலம் இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, மாரத்தான் ஓட வருகிறவர்களுக்கே இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரே கஷ்டம், கௌரவம். எங்கள் தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நான் ஓடுவதைப் பார்த்து "கால்ல அடிபட்டுருச்சா தம்பி?" என்று கேட்டார். வாக்கிங் போகும் மாமா ஒருவர் என்னைத் தாண்டியும் போயிருக்கிறார்.

கராத்தே இல்லாத இரண்டு நாளில் 25 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை 40 நிமிடம் போதும். ஞாயிறன்று மகளை சைக்கிளில் கூட வரச் சொல்லுங்கள், அவள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதால் வேகம் தானாகக் கட்டுப்படும். ராத்திரி தூங்காத குழந்தையோடு விழித்திருந்த நாளில் ஓட்டத்தை விட்டுவிடுங்கள், அடுத்த நாள் சேர்த்து ஓடவும் வேண்டாம்.

கால் வலி: மூச்சு சில வாரத்தில் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்காகும். வெறுங்காலில் துள்ளிவிட்டு மறுநாள் தார் ரோட்டில் தேய்ந்த ஷூவோடு ஓடினால் எலும்பு கத்தத்தான் செய்யும். வலி குறையும்வரை ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், பிறகு மண் தரையில் தொடங்குங்கள். எலும்போரம் நீளமாக வலித்தால் பெரும்பாலும் இது போதும். ஒரே புள்ளியில், விரல் வைத்துக் காட்டும்படி வலித்தாலோ, சும்மா இருக்கும்போதே வலித்தாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள், விரிசலாக இருக்கலாம். அப்புறம், 39 வயதில் ஓடும்போது நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் "தம் இல்லை" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், அன்றைக்கே டாக்டர்.

கேள்வி: குழந்தைக்கு 5 மாதம். பழையபடி சிலம்பத்துக்கும் ஓட்டத்துக்கும் திரும்ப ஆசை. ஓடினால் லேசாகச் சிறுநீர் கசிகிறது, வீட்டில் சொல்லக் கூச்சம்.
- வாசகி, கோவை

பதில்: நிறையப் பேருக்கு இருக்கிறது, யாரும் வெளியே சொல்வதில்லை. பிரசவத்துக்குப் பிறகு முதல் 3 மாதமாவது ஓட வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. அதைத் தாண்டிவிட்டீர்கள், ஆனால் கசிவு இருக்கிறது என்றால் சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்படித் தசை இன்னும் தயாராகவில்லை. இப்போதைக்கு ஓட்டத்தை நிறுத்தி, மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பாருங்கள், பயிற்சியால் பெரும்பாலும் சரியாகும். அதுவரை வேக நடையும், துள்ளாமல் கம்பு சுற்றுவதும் போதும். மேரி கோம் 2007-ல் இரட்டைக் குழந்தை பெற்று, 2008-ல் உலகச் சாம்பியன் ஆனார். அதைச் சொல்லி யாராவது உங்களை அவசரப்படுத்தினால் காதில் வாங்காதீர்கள், அப்போது அவருக்கு அதுதான் முழுநேர வேலை.

கேள்வி: தபாட்டா செய்தால் 4 நிமிடமே போதுமாமே? ஓட்டம் எதற்கு?
- வாசகர், சேலம்

பதில்: தபாட்டா என்பது 20 நொடி உழைப்பு, 10 நொடி ஓய்வு என்று மாறி மாறிச் செய்வது. இதற்கு அடிப்படை 1996-ல் வெளியான ஓர் ஆய்வு; அதில் சைக்கிள் மிதித்தவர்கள் ஏற்கெனவே உடற்பயிற்சி செய்து பழகிய இளைஞர்கள், மிதித்தது இனி முடியாது என்கிற அளவுக்கு. அவர்களுக்கே வாரத்தில் ஒரு நாள் 30 நிமிடம் நிதானமான மிதியும் இருந்தது. வீடியோக்காரர்கள் அதை மட்டும் சொல்வதில்லை.